வீடு என்ற ஃபோல்டரில் மூன்று பேர்

எங்கள் வீட்டு வக்கீலம்மாவுக்கு வயது பத்தொன்பது. சட்டம் படிக்கவில்லை, கணிதம்தான் படிக்கிறாள். ஆனாலும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எதிராளி கையெடுத்துக் கும்பிடும்வரை விடமாட்டாள் என்பதால் அவள் அப்பா வைத்த பெயர் அது. என் மகள்தான். கடந்த பத்து வாரமாக அவள் நடத்திய வழக்கு, நான் பாஸ்வேர்டு ஆப்பை மாற்ற வேண்டும் என்பது. குற்றவாளிக் கூண்டில் நான்.

"அம்மா, உன் ஆப்புல திருட்டுப் போயிருக்கு. ஊரெல்லாம் பேசுது. நீ மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்திருக்க."

"என்னத்தத் திருடினாங்களாம்?"

"பூட்டின பெட்டியை அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாங்க. சாவி அவங்ககிட்ட இல்ல. ஆனா நெம்பிக்கிட்டே இருப்பாங்க. என்னிக்காவது ஒரு நாள் திறந்துக்கும்."

"திறக்கட்டுமே. உள்ள வைரமா வச்சிருக்கேன்?"

"எல்லாரும் மாறிட்டாங்கம்மா. புது ஆப்புக்குப் போக பத்து நிமிஷம் போதும். நானே செஞ்சு தரேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. புது ஆப்பை என் போனில் அவளே இறக்கிவைத்தாள். என்னுடைய நூற்று நாற்பத்து மூன்று பாஸ்வேர்டுகளையும் ஒரே அமுக்கில் கொண்டுபோய்விடலாம் என்று காட்டினாள். வராதது ஒன்றே ஒன்றுதான். இன்னொருவரோடு சேர்ந்து வைத்திருக்கும் ஃபோல்டர் வராதாம். அந்த இன்னொருவரைப் புது ஆப்புக்கு அழைக்க வேண்டும். அவர் சம்மதம் என்று அமுக்கினால்தான் அங்கே அது திறக்கும்.

அந்த இன்னொருவர் என் தம்பி. நாங்கள் இரண்டு பேரும் பேசி நான்கு வருடம் ஆகிறது.

இந்த ஆப்புக்குள் எங்களைக் கொண்டுவந்தது அம்மா. ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கார்டு அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். யார் எந்தக் கோப்பை எப்போது எடுத்தார், எப்போது திருப்பி வைத்தார் என்று தேதியோடு சொல்வாள். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கண்டிப்பையெல்லாம் எங்கள்மேல் காட்டினாள். நானும் தம்பியும் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறோம் என்று தெரிந்த அன்று அவள் திட்டியதை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது. அவளே குடும்பக் கணக்கு ஒன்றைத் திறந்து, எங்களைச் சேர்த்து, 'வீடு' என்று ஒரு ஃபோல்டரும் போட்டாள். மேலே இப்படி இருக்கும்: குடும்பத் தலைவர், அம்மா. உறுப்பினர், அக்கா. உறுப்பினர், தம்பி.

அம்மா போன பிறகும் அது அப்படியேதான் இருந்தது. தலைவரை மாற்ற இரண்டு உறுப்பினர்களும் சம்மதம் அமுக்க வேண்டும். அதற்கு நான் அவனைக் கேட்க வேண்டும், அல்லது அவன் என்னைக் கேட்க வேண்டும். யார் கேட்பது? ஆகவே நான்கு வருடமாக, உயிரோடு இல்லாத ஒருத்திதான் எங்கள் குடும்பத்துக்குத் தலைவர்.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வந்த நோய் தம்பிக்கு மூன்று மாதம் முன்பே தெரியும். டாக்டர் அம்மாவுக்கு மெயில் அனுப்ப, அம்மா அதை அவனுக்குக் காட்டி, அக்காவிடம் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவனும் விடவில்லை. எனக்குத் தெரிந்தபோது ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது. மூன்று மாதம் கிடைக்க வேண்டியவளுக்கு ஒன்பது நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவனைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

எல்லாம் முடிந்த மறுநாள் அம்மாவின் மெயிலுக்குப் பாஸ்வேர்டை மாற்றினேன். "இனிமே அம்மா மெயிலு, லெட்டரு எல்லாம் நான்தான் பார்ப்பேன். உனக்கு அதுல வேலையில்ல," என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அவனுடைய போன் நம்பரையும் மெயிலையும் பிளாக் செய்தேன். அப்புறம் அம்மாவின் மெயிலை நான் திறக்கவே இல்லை. திறந்தால் அந்த டாக்டரின் கடிதம் தேதியோடு இருக்கும். நான் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டு திரிந்த நாட்களை எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மிஞ்சியது அந்த ஃபோல்டர் மட்டும்தான். அம்மாவின் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். மின்சாரக் கணக்கை அவன் பார்த்துக்கொண்டான், தண்ணீர்க் கணக்கை நான். வாசல் கேமராவை இரண்டு பேரும். ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் கீழே குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி உண்டு. "கேமரா பேட்டரி மாற்றியாச்சு" என்று எழுதுவான். நான் "சரி" என்று எழுதுவேன். "தண்ணீர்க் கணக்குக்குப் புது பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன்" என்று நான் எழுதுவேன். அவன் "சரி" என்று எழுதுவான். நான்கு வருடப் பேச்சையும் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. ஆனாலும் தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கேமராவில் அம்மாவின் வாசலைப் பார்த்துவிட்டு, அந்த ஃபோல்டரையும் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். 'தம்பி மாற்றினார், இரண்டு மணி நேரம் முன்பு' என்று எப்போதாவது இருக்கும். இருந்தால் அன்றைக்கு வேலை கொஞ்சம் சுலபமாக ஓடும்.

என் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி வெட்டி, ஓரம் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பது. சீட்டில் வலது, இடது என்று இரண்டு கட்டம் இருக்கும். பவர் எழுதியிருக்கும். பார்வை அடியோடு போன கண்ணாக இருந்தால் அந்தக் கட்டத்தில் 'வெறும்' என்று எழுதி வரும். அதற்குப் பவர் இல்லாத கண்ணாடியை வெட்டிப் போட்டால் போதும்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் ஃபோல்டரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பாஸ்வேர்டு வந்து விழுந்தது. தன் சொந்த ஃபோல்டரில் போட வேண்டியதைத் தம்பி தவறி இங்கே போட்டுவிட்டான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, குறிப்பில் "பவர் எவ்வளவு?" என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. "வலது மைனஸ் பதினொன்று. இடது மைனஸ் ஒன்பதரை." எழுதிவிட்டு மறுநாளே அந்தப் பதிவை அழித்துவிட்டான்.

இருப்பதிலேயே மெல்லிய லென்ஸாகப் பார்த்து எடுத்தேன். கருவிழிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அவனைக் கேட்க வேண்டிய அவசியமில்லை. அறுபத்து நான்கு மில்லிமீட்டர். பதினாறு வயதில் அவன் போட்ட கண்ணாடியிலிருந்து எல்லாம் என் கை பட்டதுதான். செய்து, பெட்டியில் வைத்து, சீட்டு எதுவும் வைக்காமல் கூரியரில் அனுப்பினேன். கேமராவின் குறிப்புப் பெட்டியில் ஒரே ஒரு சொல் வந்தது: "வந்தது." பின்னறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அழுதேன்.

இப்படி ஒரு ஃபோல்டரை விட்டுவிட்டு எப்படி மாறுவது? மகளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அந்த ஆப்புல எழுத்து சின்னதா இருக்கு," என்றேன். பெரிதாக்கிக் கொடுத்தாள். "கலர் கண்ணைக் குத்துது," என்றேன். கலரை மாற்றினாள். "பழகினதை விடமுடியாது," என்றேன். அவள் போனைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இது மாமா விஷயம்தான? ஒரு அழைப்பு அனுப்பேன். என்ன ஆகிடும்?"

"அவன் வரலைன்னா?"

"வரலைன்னா வரல."

பத்தொன்பது வயதில் அப்படித்தான் தோன்றும். இத்தனை நாளில், அந்தப் பவரைத் தவிர, அவனும் நானும் ஒருவரையொருவர் எதுவும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காதவரைக்கும் இல்லை என்ற பதிலும் கிடையாது. அழைப்பு என்று போனால், அவன் ஆம் என்று அமுக்கலாம், அமுக்காமலும் இருக்கலாம். அமுக்காவிட்டால் அந்த ஒரு பக்கப் பேச்சும் போய்விடும்.

இருந்தாலும் எழுதிப் பார்த்தேன். அழைப்போடு இரண்டு வரி எழுத இடம் இருந்தது. 'பழைய ஆப் சரியில்லை, இதற்கு மாறுகிறேன்' என்று எழுதினேன். கடைச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. 'நீயும் வா' என்று சேர்த்தேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அழித்தேன். மறுநாள் மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். இப்படியே வாரங்கள் ஓடின. குறிப்புப் பெட்டிகளிலும் அவன் எழுதுவது நின்றுபோயிருந்தது. வேலை அதிகமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் பதிமூன்றாம் தேதி மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேமராவை அமுக்கினேன். 'தவறான பாஸ்வேர்டு' என்றது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே. ஃபோல்டரைத் திறந்தேன். குடும்பத் தலைவர், அம்மா. உறுப்பினர், அக்கா. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

போய்விட்டான். வீட்டுப் பாஸ்வேர்டுகளையும் மாற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான். நான் அழைக்கலாமா வேண்டாமா என்று மருகிக்கொண்டிருக்க, அவன் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்று இரண்டு லென்ஸை ஓரம் உடைத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் கத்தித் தீர்த்தேன். "அம்மா நோயையும் மறைச்சான். இப்ப அம்மா வீட்டு வாசலையும் மறைச்சுட்டான். அது அவன் ரத்தத்துலயே இருக்கு."

"நம்பர் இருக்குல்ல? கேட்டுப் பாரேன்," என்றாள் மகள்.

"நானா? செத்தாலும் கேக்கமாட்டேன்."

செத்தாலும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த ரோஷத்தை முழுசாகப் பதினாறு நாள் கட்டிக் காத்தேன்.

பதினேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டு, "வா, மாத்திடலாம். பழையதை அடியோட அழிச்சிடு," என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நூற்று நாற்பத்து மூன்றையும் புதியதற்குக் கொண்டுபோனாள். உண்மையாகவே பத்து நிமிடம்தான் ஆனது. பழைய குடும்பக் கணக்கை அழிக்கப் போனால் ஆப் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவர் மட்டும்தான் அழிக்கலாமாம். தலைவருடைய மெயிலுக்கு ஒரு கடிதம் போகும், அதில் அமுக்க வேண்டுமாம்.

"பாட்டி மெயிலைத் திறக்கணும்மா," என்றாள். "நான் பாக்கட்டுமா?"

"வேண்டாம். குடு."

நான்கு வருடத்துக்குப் பிறகு திறந்தேன். படிக்காத கடிதங்கள் ஆறாயிரத்துச் சொச்சம். எல்லாம் விளம்பரம். ஆடித் தள்ளுபடிச் செருப்பிலிருந்து மெத்தை வரைக்கும் என் அம்மாவுக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள். அழிப்பதற்கான கடிதம் மேலே புதிதாக வந்து நின்றது. அதை அமுக்கப் போன விரல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அங்கே தம்பியின் பெயர் இருந்தது. இன்னும் கீழே இறங்கினேன். மறுபடியும் இருந்தது. மொத்தம் மூன்று.

மூன்றும் அழைப்புகள். வேறு ஏதோ ஒரு பாஸ்வேர்டு ஆப்புக்கு அவன் அனுப்பியவை. ஏழு நாள் கெடு முடிந்து, மூன்றின் மேலும் 'காலாவதியானது' என்று இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று வரி எழுதியிருந்தான்.

முதலாவது, திருட்டுச் செய்தி வந்த மூன்றாம் நாள் அனுப்பியது. "அக்கா, பழைய ஆப்பில் இருக்க வேண்டாம், இதற்கு வந்துவிடு. குறிப்பில் எழுதினால் எவன் படிப்பானோ தெரியாது. நீ பார்க்கிற மெயில்களில் அம்மாவுடைய இது ஒன்றுதான் எனக்குத் திறந்திருக்கிறது. ஒரு வாரமாக வலது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் நிறைய மிதக்கின்றன. அது எதனால் என்று உனக்குத் தெரியுமா?"

தெரியும். எனக்குத் தெரியும். மைனஸ் பதினொன்று பவர் உள்ள கண்ணில் திடீரென்று புள்ளிகள் மிதந்தால், போட்டிருக்கிற உடுப்போடு டாக்டரிடம் ஓட வேண்டும். விழித்திரை கிழிய ஆரம்பித்திருக்கும். எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அப்போதே சொல்லியிருந்தால் சின்ன லேசர் சிகிச்சையோடு முடிந்திருக்கலாம்.

இரண்டாவது, ஐந்து வாரம் கழித்து. "அக்கா, பழைய அழைப்பு காலாவதியாகிவிட்டது, மறுபடி அனுப்பியிருக்கிறேன். புள்ளி பற்றி நீ ஒன்றும் சொல்லாததால் பெரிதாக இருக்காது என்று விட்டுவிட்டேன். இப்போது ஓரத்தில் திரை இறங்கின மாதிரி இருக்கிறது. நாளைக்குக் காட்டப் போகிறேன்."

மூன்றாவது, போன மாதம் பதினொன்றாம் தேதி. "அக்கா, முதல் ஆபரேஷன் பலிக்கவில்லை. பதினான்காம் தேதி மறுபடியும் செய்கிறார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் போன் திரையைப் பார்க்க முடியாது. பதிமூன்றாம் தேதி வீட்டுப் பாஸ்வேர்டுகளை மாற்றி, உனக்கும் சேர்த்து இங்கே வைத்துவிடுவேன். அன்றைக்கே பழையதிலிருந்து வெளியே வந்துவிடுவேன். அதற்குள் வந்துவிடு."

வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. மகள் என் தோள் மேலாக எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். அவள் வாதாடவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான்கு வருடமாக மறைத்தான், மறைத்தான் என்று எவனைத் திட்டினேனோ, அவன் தன் நோயை முதல் வாரத்திலேயே என்னிடம் சொல்லியிருக்கிறான். அவன் சொன்ன இடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, திறந்தும் பார்க்காமல் இருந்தது நான்.

பிளாக்கை எடுத்தேன். நம்பரை அமுக்கினேன். நான்காவது மணியில் எடுத்தான்.

"ஹலோ, யாரு?"

பெயரைப் படிக்க முடியாமல் கேட்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"நான்தான்டா."

அப்புறம், "அக்காவா?" என்றான்.

"மெயிலை இப்பதான்டா பாத்தேன்."

"இப்பதானா?"

"அம்மா போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் திறந்தேன். சத்தியமா. உன்கிட்ட நான்தான் பார்ப்பேன்னு வீறாப்பா பேசிட்டு, நான் திறக்கவே இல்லடா."

"நீ படிச்சுட்டுத்தான் பேசாம இருக்கேன்னு நெனச்சேன்." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "கோவம் இன்னும் தீரல போலன்னு விட்டுட்டேன்."

"என்னைத் திட்டுடா. வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டு."

"எதுக்கு? விடுக்கா." அப்புறம் ஏதோ கடமை நினைவு வந்தவன் போலச் சொன்னான். "கேமரா பாஸ்வேர்டு வேணும்ல உனக்கு? மனப்பாடமா இருக்கு, சொல்றேன். பேட்டரியும் மாத்தணும். என்னால இப்ப ஏணி ஏற முடியாது."

"கேமரா கிடக்கட்டும். கண்ணு எப்படிடா இருக்கு?"

"இடது தப்பிச்சிடுச்சு. அதுலயும் முன்கூட்டியே லேசர் வச்சிருக்காங்க. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பவர் பாப்பாங்களாம்."

நான் வலதைப் பற்றிக் கேட்கவில்லை. அவனேதான் சொன்னான்.

"நீ கண்ணாடி செய்யறப்போ வலது பக்கத்துக்கு ரொம்ப மெனக்கெடாத அக்கா. அதுக்கு வெறும் கண்ணாடி போதும்னு சொல்லிட்டாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கைப்பையிலிருந்து கடைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்டா. எழுதிக்கிட்டிருக்கேன்."

"நடுவுல எவ்வளவு தூரம்னு மறுபடியும் அளக்கணுமா?"

"வேண்டாம். அது அறுபத்து நாலுதான். மாறாது."

"சரி," என்றான்.

இடது என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். வலது என்ற கட்டத்தில் 'வெறும்' என்று எழுதினேன்.